எங்கள் வீட்டில் நின்றுபோன தமிழ்: குழந்தைகள் தொலைக்காட்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வீடுகளுக்குக் குழந்தைகள் சேனல்களை நடத்தும் நிறுவனத்தாருக்கும், அவற்றைக் கம்பி வழியாகக் கொண்டுவந்து சேர்ப்போருக்கும்,

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், உங்களில் ஒருவருடைய சேனலில் தமிழ் ஒலி நின்றுபோனது. முந்தின நாள் இரவு வரை தமிழில் பேசிக்கொண்டிருந்த கரடியும் முயலும் மறுநாள் காலையில் இந்தியில் பேசின. முன்னறிவிப்பு கிடையாது. திரையின் அடியில் ஓடும் எழுத்தில்கூட ஒரு வரி வரவில்லை. ஆறு வயதான என் மகன் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "அம்மா, இவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டான்.

மொழி மாற்றும் பொத்தானை அழுத்தினேன். ஆங்கிலம் வந்தது, தெலுங்கு வந்தது, திரும்பவும் இந்தி வந்தது. கேபிள் நடத்தும் தம்பியை அழைத்தேன். அவர் வீட்டுக்கே வந்து செட்டாப் பாக்ஸை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, மேலே இருந்து வருவதைத்தான் நாங்கள் அனுப்புகிறோம். தமிழ் வரவில்லை" என்றார். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணைப் பிடிக்க மூன்று நாள் ஆனது. முதலில் எடுத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. பிறகு தமிழில் பேசிய ஒருவர் சொன்னார்: "தமிழுக்குப் போதிய பார்வையாளர்கள் இல்லை, மேடம். செல்போனில் செயலி இருக்கிறது, அதில் பாருங்கள்."

இந்த இரண்டு வாக்கியங்களை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று பெயர் சொல்லவில்லை. இன்றைக்கு ஒருவர் செய்தது நாளைக்கு மற்றவருக்கும் முன்மாதிரியாகும் என்பதால் உங்கள் எல்லோரிடமும் பேசவேண்டியிருக்கிறது.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்துக்காரி. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை போகும் சாலைக்கு உள்ளே, ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் தமிழ் தானாக வந்து அமர்ந்த மொழி இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னால், அதற்காகவே இங்கே போராட்டம் நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்த வரலாற்றைச் சொல்லி உங்களை மிரட்ட வரவில்லை. தமிழ் இல்லாத தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை நான். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பிறந்தது 1983-இல். எங்கள் வீட்டுக் கூரையில் இருந்த ஆன்டெனா வடமேற்கே பார்த்து நின்றது, திருவனந்தபுரம் பக்கமாக. செய்தி மலையாளம், நாடகம் மலையாளம். கோடை விடுமுறைக்கு அஞ்சுகிராமத்தில் மாமா வீட்டுக்குப் போவேன். அங்கே ஆன்டெனா தென்கிழக்கே, கடலைப் பார்த்து நிற்கும். கடலுக்கு அப்பாலிருந்து இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி வரும். காற்று நன்றாக இருக்கும் நாளில் படம் நம் ஊர்ப் படத்தைவிடத் தெளிவாக இருக்கும். மழை மூட்டம் போட்டால் வெறும் புள்ளிகள். மாமா கம்பத்தைத் திருப்புவார், அத்தை ஜன்னலில் நின்று "கொஞ்சம் இடப்பக்கம்" என்பார், பிள்ளைகள் நாங்கள் உள்ளே மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு பூனை வந்தது. தெருவில் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கும் பூனை, தலையில் தொப்பி, சுற்றிலும் ஒரு பூனைக் கூட்டம். சிங்களத்தில் பேசும். எங்களுக்கு ஒரு சொல் புரியாது. 'பிஸ்ஸு பூஸா' என்ற பெயர் மட்டும் காதில் நின்றது. பிஸ்ஸு என்றால் பைத்தியம், பூஸா என்றால் பூனை என்று வளர்ந்த பிறகு தெரிந்தது. பழந்தமிழிலும் பூனைக்குப் பூசை என்று ஒரு பெயர் உண்டு, மலையாளத்தில் பூச்ச. எவ்வளவு அருகில் இருந்திருக்கிறது அந்தச் சொல்! எங்களுக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

அந்தப் பூனை அமெரிக்காவில் வரைந்த 'டாப் கேட்'. அதைச் சிங்களத்தில் பேசவைத்தவர் டைட்டஸ் தொட்டவத்த என்ற திரைப்பட இயக்குநர். பக்ஸ் பன்னி முயலையும் அவர் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். சிங்களம் பேசுவோர் அப்போது ஒன்றரைக் கோடிப் பேர்கூட இல்லை. 1982-இல்தான் ரூபவாஹினியே தொடங்கியது. 'போதிய பார்வையாளர்கள்' வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு மொழி இருக்கிறது, அவ்வளவு போதும் என்று தொடங்கிவிட்டார்கள்.

1993-இல் எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் மௌக்லி வந்தான், காட்டில் ஓநாய்கள் வளர்த்த சிறுவன். ஜப்பானில் 1989-இல் எடுத்த தொடர். நமக்கு இந்தியில் வந்தது. தொடக்கப் பாடலை எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரும் பாடுவோம், ஒரு வரிக்கும் பொருள் தெரியாமல். மௌக்லி ஓநாயிடம் என்ன கேட்டான், கருஞ்சிறுத்தை என்ன புத்தி சொன்னது, புலி எதற்காக அவனை வெறுத்தது, எதுவும் தெரியாது. நாங்களாகக் கதை கட்டிக்கொண்டோம். என் கதையில் அந்தப் புலி மௌக்லியின் சொந்த மாமா! பல ஆண்டுகள் கழித்து உண்மைக் கதையைத் தமிழில் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவ்வளவு நல்ல கதையின் வெளித்திண்ணையில் என்னை ஓராண்டு உட்காரவைத்திருந்தார்கள் என்று தோன்றியது.

இந்தி மேல் எனக்குப் பகை இல்லை. ஒன்றைப் பாருங்கள்: அந்த இந்தி மௌக்லிக்குப் பாடல் எழுதியவர் குல்சார், இசை விஷால் பரத்வாஜ், புலிக்குக் குரல் நானா படேகர். குழந்தைகளுக்குத்தானே என்று யாரும் கைகழுவவில்லை. இந்திப் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த மரியாதையைத்தான் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன்.

நமக்கும் காலம் வந்தது. 1995-இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது, முதலில் ஆங்கிலத்தில். பிறகு தமிழ் பேசியது. 2004 டிசம்பரில் டிஸ்னி சேனல் தமிழ் ஒலியோடு வந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டிவி தொடங்கியது. நாள் முழுவதும் தமிழில் பேசும் குழந்தைகள் சேனல். அந்த ஆண்டுதான் என் மகள் பிறந்தாள். அவளுக்கு நான்கு வயதானபோது எங்கள் வீட்டில் டோரா என்ற கார்ட்டூன் சிறுமி வந்துவிட்டாள்.

இங்கே என் அம்மையைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் அம்மாவை அம்மை என்போம். முப்பது ஆண்டு அண்டி ஆபீஸில் வேலை பார்த்தார். முந்திரித் தொழிற்சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். கொட்டையை உடைக்கும்போது ஓட்டில் இருக்கும் எண்ணெய் விரலைப் பொசுக்கும். சாம்பல் தடவிக்கொண்டுதான் உடைப்பார்கள். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. எழுதப் படிக்கத் தெரியாதவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கட்டன் சாயாவோடு தரையில் காலை நீட்டி உட்காருவார். மடியில் பேத்தி. எதிரில் டோரா.

டோரா ஒரு கேள்வி கேட்பாள். "பாலம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?" கேட்டுவிட்டு நம்மைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். பேச்சு இருக்காது. மூன்று நொடி, நான்கு நொடி இருக்கும். அந்த நேரம் எங்கள் வீட்டுக்காக விட்ட இடம். மகள் எழுந்து திரையைத் தொட்டுக் காட்டுவாள். அவள் சொல்வதற்குள் அம்மை சொல்லிவிடுவார்: "உன் பின்னால்தானே நிற்கிறது, மக்களே!" ஒரே ஒரு பிள்ளையானாலும் மக்களே என்று கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். என் அம்மை டோராவை மக்களே என்று கூப்பிட்டார். எங்கோ அமெரிக்காவில் வரைந்த சிறுமி எங்கள் வீட்டுப் பேத்திகளில் ஒருத்தியாகிவிட்டாள்.

டோராவின் கதையில் "குள்ளநரி திருடக்கூடாது" என்று மூன்று முறை சொன்னால் நரி திருடாமல் போய்விடும். நீங்கள் எல்லோரும் அறிந்ததுதான். எங்கள் மாடியில் நெத்தோலிக் கருவாடு காயப்போட்டிருந்த ஒரு நாள், காகம் வந்து அமர்ந்தது. என் மகள் கம்பை எடுக்கவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று, "காகம் திருடக்கூடாது, காகம் திருடக்கூடாது, காகம் திருடக்கூடாது" என்றாள். காகம் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அவள் அழுதுகொண்டே வந்து பாட்டியிடம் முறையிட்டாள்: "நான் மூன்று முறை சொன்னேன், அது கேட்கவில்லை." அம்மை யோசித்துவிட்டுச் சொன்னார்: "அதற்குப் பசி, மக்களே. நரிக்குப் பசி இல்லை, குறும்பு. அதனால் கேட்கும்." திருட்டுக்கும் பசிக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு பிள்ளைக்கு இதைவிட எளிதாக நான் அங்கன்வாடியில் சொல்லித்தந்ததில்லை. அந்தப் பேச்சு நடந்ததற்குக் காரணம் ஒரு தமிழ் வாக்கியம். பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே நேரத்தில் புரிந்த வாக்கியம்.

அந்தத் தொடரின் அசலில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு டோரா இடையிடையே ஸ்பானிஷ் சொற்களைக் கற்றுத்தருவாள். தமிழில் வந்தபோது அந்த இடத்தில் ஆங்கிலச் சொற்கள் வந்தன. புதிய மொழியைச் சொல்லித்தர விரும்பியவர்கள்கூட, பிள்ளையின் சொந்த மொழியில் நின்றுகொண்டுதான் சொல்லித்தந்தார்கள். "இந்தியில் பார்த்தால் பிள்ளைகள் இந்தி கற்றுக்கொள்வார்களே" என்று என்னிடம் சிலர் சொன்னார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் இருக்கலாம். அங்கன்வாடியில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இப்போது பிள்ளைகள் விளையாடும்போது ஒருவன் கீழே விழுவதுபோல் நடித்து "பச்சாவோ, பச்சாவோ" என்று கத்துகிறான். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். ஒருவன் 'பறப்பது' என்றான், ஒருத்தி 'ஐயோ' என்றாள். கத்தியவனுக்கே தெரியவில்லை. காப்பாற்று என்று பொருள். ஒரு பிள்ளை காப்பாற்று என்று கத்துகிறது, சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு அது தெரியவில்லை. இதை மொழி கற்றல் என்று நான் எப்படிச் சொல்வேன்?

வீட்டில் நடப்பது இன்னும் வருத்தம். என் மகன் பார்க்கும் தொடரிலும் ஒரு கரடி கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். இப்போது இந்தியில் கேட்கிறது. அந்த நான்கு நொடி அப்படியே இருக்கிறது. என் மகன் திரையைப் பார்க்கிறான், பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். எனக்கும் தெரியவில்லை. கரடி "சபாஷ்" என்று சொல்லிக் கைதட்டுகிறது. யாருமே பதில் சொல்லவில்லை. அம்மைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. காதால்தான் கதை கேட்டுக்கொண்டிருந்தார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவர் அந்த அறைக்கு வருவதில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். பேரன் உள்ளே தனியாக இருக்கிறான்.

இனி உங்கள் இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன்.

போதிய பார்வையாளர்கள் இல்லையென்றீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6 கோடியே 90 லட்சம் பேர். மலையாளம் சொன்னவர்கள் 3 கோடியே 48 லட்சம். என் தங்கை கேரளத்தின் பாறசாலையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்; களியக்காவிளையில் பஸ் ஏறினால் சில நிமிடத்தில் போய்விடலாம். அவள் பிள்ளைக்கு 2011 முதல் மலையாளத்திலேயே ஒரு குழந்தைகள் சேனல் இருக்கிறது. விடுமுறைக்கு அங்கே போன என் மகன் அதைப் பார்த்துவிட்டு வந்தான். மலையாளம் அவன் காதுக்குப் பழக்கம், ரசித்தான். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பாதி எண்ணிக்கைக்குப் போதுமான பார்வையாளர்கள், இரண்டு மடங்கு எண்ணிக்கையில் இல்லாமல்போவது எப்படி? மாதிரி வீடுகளில் பொருத்திய கருவிகள் காட்டும் கணக்கை நீங்கள் வைத்திருப்பீர்கள். விளம்பரக் கட்டணம் அதில் நிற்கிறது என்பதும் புரிகிறது. கரடியின் கேள்விக்குப் பதில் சொன்ன என் அம்மையை அந்தக் கருவி எண்ணியிருக்காது.

இன்னொன்று. 2019 பிப்ரவரி முதல், வேண்டிய சேனலைத் தேர்ந்தெடுத்து அதற்குப் பணம் கட்டும் முறை வந்துவிட்டது. நாங்கள் தேர்ந்தெடுத்தது தமிழ் பேசிய சேனலை. மே மாதம் கட்டிய அதே தொகையைத்தான் ஜூலையிலும் கட்டினேன். கடைக்காரர் அரிசிக்குப் பணம் வாங்கிக்கொண்டு கேட்காமல் கோதுமையைக் கட்டித்தந்தால் எங்கள் சந்தையில் சும்மா விடமாட்டார்கள்.

செல்போனில் பாருங்கள் என்றீர்கள். எங்கள் வீட்டில் செல்போன் ஒன்றுதான். கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அவர் அழைக்கும் நேரத்துக்கு அது என் கையில் இருக்கவேண்டும். அங்கன்வாடிப் பதிவுகளையும் அதில்தான் செய்கிறேன். அதைவிடப் பெரிய காரணம் உண்டு. தொலைக்காட்சி கூடத்தில் இருக்கிறது. அதன் முன் பாட்டி உட்காரலாம், பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்காரலாம், நான் அடுக்களையிலிருந்தே என்ன ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். செல்போனை ஆறு வயதுப் பையனிடம் கொடுத்தால் அவன் மூலையில் போய்ச் சுருண்டுகொள்கிறான். ஒரு படம் முடிந்ததும் அடுத்ததை அவன் தேர்ந்தெடுப்பதில்லை, அது தானாக வருகிறது. பிள்ளைகளிடம் செல்போனைக் கொடுக்காதீர்கள் என்று தாய்மார்களிடம் வாரந்தோறும் சொல்வது என் வேலையின் ஒரு பகுதி. குழந்தைகளுக்காகவே தொழில் நடத்தும் நீங்கள் கொடுங்கள் என்கிறீர்கள்.

இந்த நிறுத்தத்துக்கு முன்பே மனத்தில் இருந்த இரண்டு குறைகளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குள்ளநரி திருடக்கூடாது என்று எழுதியவர் யார்? ஆங்கிலத்தில் வேறு பெயரோடு இருந்த குரங்குக்குப் புஜ்ஜி என்று பெயர் வைத்தவர் யார்? டோராவுக்குத் தமிழில் குரல் கொடுத்தவர் யார்? மகளோடு சேர்ந்து எத்தனையோ சாயங்காலங்கள் பார்த்தேன். எங்கள் திரையில் அந்தப் பெயர்களை நான் கண்டதில்லை. தொட்டவத்தயின் பெயர் எனக்குத் தெரிகிறது, குல்சாரின் பெயர் தெரிகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு கொடுத்தவர்களின் பெயர் தெரியவில்லை. அந்தப் பழைய தமிழ் ஒலியும் இன்று கையில் இல்லை. மகள் கல்லூரிக்குப் போன பிறகு, தம்பிக்குக் காட்ட வேண்டுமென்று தேடினாள். யாரோ தொலைக்காட்சித் திரையிலிருந்து பிடித்துவைத்த மங்கலான துண்டுகள்தான் கிடைத்தன. உங்கள் அலமாரிகளில் மூலப் பதிவுகள் இருக்கக்கூடும். உரிம ஒப்பந்தம் முடிந்தால் படத்தைத் திருப்பித்தர வேண்டியிருக்கலாம். அந்தத் தமிழும் அதோடு சேர்ந்து மறைந்துவிட வேண்டுமா?

அடுத்தது கதைகள். சோட்டா பீம் 2008-இல் வந்தான். ஹைதராபாத்தில் உருவாக்கிய தொடர். லட்டு தின்றால் அவனுக்கு வலிமை. 2012-இல் வந்த மோட்டுவுக்குச் சமோசா. டோரேமானும் ஷின்-சானும் ஜப்பானியப் பிள்ளைகளின் வீட்டையும் பள்ளியையும் அப்படியே காட்டுகிறார்கள். எல்லாவற்றையும் எங்கள் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தின்று வலிமை பெறும் ஒரு பிள்ளையை அவர்கள் இன்னும் திரையில் பார்க்கவில்லை. ரப்பர் மரத்தில் பால் வடியும் சிரட்டையை, கட்டுமரத்தை, மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் ஓடும் தண்ணீரைப் படமாக வரைந்து யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

பதில் சொல்லவைக்கும் கதை வேண்டுமென்றால் அதற்கு அமெரிக்கா வரை போகவேண்டியதும் இல்லை. எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு நடக்கும். நடுவில் இருப்பவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி பாடி நிறுத்துவார். பக்கத்தில் குடம் அடிப்பவர், உடுக்கை பிடித்தவர் எல்லோரும் "ஆமா" என்பார்கள். அடுத்த வரிக்கும் "ஆமா". விடிய விடியக் கேட்கும் கூட்டமும் கூடவே சொல்லும். என் அங்கன்வாடியில் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துவைத்து, முயலும் ஆமையும் கதையை இப்படித்தான் சொல்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" சொல்கிறார்கள். ஆமை ஜெயித்ததும் குடத்தைத் தட்ட அவர்களுக்குள் சண்டை. டோரா நிறுத்திக் காத்திருந்த அந்த நான்கு நொடி எங்கள் மண்ணில் ஏற்கெனவே இருக்கிறது. அதை எடுத்து ஒரு தொடர் செய்ய ஓவியரும் எழுத்தாளரும் வேண்டும், அவ்வளவுதான்.

தனியாரிடம் மட்டும் இதைக் கேட்பதும் முறையாகாது. தூர்தர்ஷன் போன்ற பொது ஒலிபரப்பை நடத்துவோரும் இதைப் படிக்கவேண்டும். 1990-ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டம், பல்வேறு பகுதிகளின் மொழிகளுக்கும் பண்பாட்டுக்கும் ஏற்ற நிகழ்ச்சிகளைத் தருவதையும், குழந்தைகளின் நலனைக் காக்கத் தனி நடவடிக்கை எடுப்பதையும் 12-ஆம் பிரிவில் கடமையாகவே சொல்கிறது. தமிழக அரசு 2019 ஆகஸ்ட்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது பாடம் நடத்தியதை நான் மறக்கவில்லை. பாடத்துக்கு வழி கிடைத்தது. பள்ளிக்கே போகாத மூன்று வயதுப் பிள்ளைக்குக் கதையும் பாட்டும் வேண்டும்.

இனி என் கோரிக்கைகள்.

ஜூன் மாதம் நிறுத்திய தமிழ் ஒலியைத் திரும்பத் தாருங்கள். அரையாண்டுத் தேர்வு விடுமுறை தொடங்குவதற்குள் அது வரவேண்டும். பிள்ளைகள் பகல் முழுவதும் வீட்டில் இருக்கப்போவது அப்போதுதான். திரும்பத் தர முடியாது என்றால், எங்களிடம் வாங்கிய சந்தாவை ஜூன் மாதத்திலிருந்து கணக்கிட்டுத் திருப்புங்கள். இனி எந்தச் சேனலானாலும் ஒரு மொழியை நிறுத்துவதற்கு முப்பது நாள் முன்னால் அந்த மொழியிலேயே திரையில் அறிவியுங்கள்.

கேபிள் நடத்துவோரிடம் ஒன்று: தமிழ் ஒலி உள்ள ஒவ்வொரு குழந்தைகள் சேனலும் எங்கள் பெட்டியில் தமிழிலேயே திறக்கும்படி அமைத்துத் தாருங்கள். பொத்தானை அழுத்தி மொழி மாற்ற என் அம்மைக்குத் தெரியாது. என் அங்கன்வாடிப் பிள்ளைகளின் பாட்டிமார் பலருக்கும் தெரியாது.

ஒவ்வொரு தொடரின் முடிவிலும் தமிழில் எழுதியவர், குரல் கொடுத்தவர் பெயர்களைத் தமிழில் போடுங்கள். பத்து நொடி போதும். பழைய தமிழ் ஒலிப்பதிவுகள் எவை எவை உங்களிடம் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் வெளியிடுங்கள். அவற்றில் உங்களுக்கு உரிமை உள்ளவற்றை மீண்டும் ஒளிபரப்புங்கள். எதையும் அழிக்கவேண்டாம்.

பொதுத் தொலைக்காட்சியும் கல்வித் தொலைக்காட்சியும் சேர்ந்தோ தனியாகவோ, நாளுக்கு அரை மணி நேரம், மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள், பள்ளி வயதுக்கு முந்தைய பிள்ளைகளுக்கென்று தமிழில் உருவாக்கிய நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்குங்கள். அதற்குக் கதை கேட்டுச் சென்னைக்குள் மட்டும் சுற்றாமல் விளவங்கோட்டுக்கும் வாருங்கள். வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். பிளாஸ்டிக் குடமும் "ஆமா" சொல்லும் பிள்ளைகளும் எங்கள் மையத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் பதிலைத் தமிழில் எழுதி, உங்கள் சேனலின் திரையிலேயே போடுங்கள். நான் அதை அம்மைக்குப் படித்துக்காட்டுவேன்.

இப்படிக்கு,
விளவங்கோடு வட்டத்திலிருந்து ஓர் அங்கன்வாடிப் பணியாளர்